நான்காவது இடத்தில் நாற்பது நிமிடம்

அசையக்கூடாது என்று உட்கார்ந்தால்தான் மூக்கு அரிக்கும். வீட்டில் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறேன், மூக்கு என்று ஒன்று முகத்தில் இருப்பதே ஞாபகம் வராது. இங்கே செவலைக்குளத்தில், படகின் முன்பலகையில், தண்ணீரில் வாளியைக் கவிழ்த்து மிதக்கவிட்டுக் கடிகாரத்தை அழுத்திய அந்த நொடியில் ஆரம்பித்துவிட்டது. வலது பக்கம், நுனிக்குக் கொஞ்சம் மேலே. சொரிந்தால் தோள் அசையும், தோள் அசைந்தால் படகு அசையும், படகு அசைந்தால் வாளி அசையும், வாளி அசைந்தால் அதற்குள் இருக்கிற காற்றைப் பற்றி நான் எழுதப்போகிற எண்ணை எவனும் நம்பமாட்டான். நாற்பது நிமிடம் அசையக்கூடாது, பேசவும் கூடாது. நானே போட்ட சட்டம். பேசக்கூடாது என்பது மாசானம் அண்ணாச்சிக்காகப் போட்டது. குளத்தில் மீன் பிடிக்கிறவர், படகு அவருடையது, வாயைத் திறந்தால் கூடவே இரண்டு கையும் பேசும். முதல் மாதம் ஒரு விரால் மீனின் நீளத்தை எனக்குக் காட்டப்போய், நான் தண்ணீருக்குள் விழாமல் தப்பியது கர்த்தர் செயல். அன்றைக்கே சொல்லிவிட்டேன், அண்ணாச்சி, வாளியைப் போட்டபிறகு வாயும் கிடையாது கையும் கிடையாது, படகு ஒரு இஞ்சு அசையக்கூடாது என்று. அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். இப்போது எனக்குப் பின்னால் என் முதுகைப் பார்த்தபடி, சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அடங்காதது நான்தான். வாய் மூடியிருக்கிறது, உள்ளே ஒரு நிமிடம் ஓய்வு கிடையாது. கடிகாரம் மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி என்கிறது. இன்னும் அரிக்கிறது.

வாளி என்றால் சாதாரணக் குளிக்கிற வாளிதான். எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து கிளம்பி வந்தது. அலுமினியத் தாள் சுற்றி, விளிம்பில் சைக்கிள் டியூபைக் காற்றடித்துக் கட்டி, அடிப்பாகத்தில் ஓட்டை போட்டு ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன். கவிழ்த்து மிதக்கவிட்டால், அந்த வட்டத்துக்குள் குளம் வெளியே விடுகிற வாயுவெல்லாம் உள்ளே சேரும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரப்பரில் ஊசியைக் குத்திக் கொஞ்சம் காற்றை இழுத்துச் சின்னக் குப்பியில் அடைக்க வேண்டும். ஐந்து குப்பி. அவ்வளவுதான் ஆராய்ச்சி. முப்பத்தொன்பது வயதில், கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது, எட்வின் இந்த வாளியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளத்துக்குச் சளியா? ஆவி பிடிக்க வைக்கப் போறியா?" என்று கேட்டார். கட்டின புருஷன் கேட்கிற கேள்வி. ஆனால் விஷயம் கிட்டத்தட்ட அதுதான். குளம் மூச்சு விடுகிறது. அதற்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் கரை கொடுத்தது. மழையில் மலையிலிருந்து கரைந்து வந்த மண், வயலில் இருந்து வந்த வைக்கோல், ஆட்டுப் புழுக்கை, மரம் உதிர்த்த இலை. எல்லாம் வந்து விழுந்து ஊறி அழுகி, கொஞ்சம் வாயுவாக மேலே போகிறது, கொஞ்சம் சேறாக அடியில் தங்குகிறது, கொஞ்சம் மடை வழியாக ஆற்றுக்கும் ஆறு வழியாகக் கடலுக்கும் போகிறது. தங்கின சேறும் சும்மா இருப்பதில்லை. கோடையில் குளம் வற்றினதும் கரம்பை மண் என்று வண்டி வண்டியாக வெட்டி வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்த வயலில் நெல், அந்த நெல்லில் அரிசி, அந்த அரிசியில் காலையில் ஐந்தரை மணிக்கு நான் நின்றுகொண்டே விழுங்கின இரண்டு இட்லி. அந்த இட்லியைத்தான் இப்போது மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே நிற்கிற மரம் அதை இழுத்து இலையாக்கி மறுபடியும் குளத்தில் போடும். யார் யாருக்குள் இருக்கிறோம் என்றே சொல்லமுடியாது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தேர்வுக்கு வருமா என்று கேட்பார்கள். மூச்சை வாளிப் பக்கம் விடக்கூடாது ஹெலன், தலையைத் திருப்பி விடு. பத்தாவது நிமிடம். ஊசி, குப்பி, மூடி. ஆச்சு.

தலையை நிமிர்த்தினால் கரை. கரை மேல் முப்பத்தொரு மருத மரம். எண்ண வேண்டியதே இல்லை, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார்கள். பதினேழு மட்டும் மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது, பெயிண்ட் அடித்தவருக்கு அங்கே வந்ததும் உற்சாகம் பிறந்துவிட்டது போல. எண் போட்டது வெட்டுவதற்கு. வெட்டுவது என்னால். என்னாலா? ஆமாம், என்னால். பத்திரிகையில் எப்படி வந்தது, 'குளத்தில் விஷவாயு, கரையோர மரங்களே காரணம், பேராசிரியை ஆய்வில் அதிர்ச்சி.' நான் பேராசிரியை இல்லை, உதவிப் பேராசிரியை. விஷவாயு இல்லை, மீத்தேன். அதிர்ச்சி மட்டும் உண்மை, அது செய்தியைப் படித்த எனக்கு. கருத்தரங்கில் நான் சொன்னது இவ்வளவுதான். ஐப்பசியிலிருந்து மாதம் ஒரு தடவை குளத்தில் நான்கு இடத்தில் வாளி வைக்கிறேன். உபரித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம், நடுக்குளம், மடைப் பக்கம், அப்புறம் இந்த மரங்களுக்கு எதிரே நான்காவது இடம். மார்கழி வரைக்கும் நான்கும் கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தது. தை பிறந்து மரம் இலை உதிர்க்க ஆரம்பித்ததும், நான்காவது இடத்தில் மட்டும் மற்றதைப் போல ஆறு மடங்கு. மாசியிலும் ஆறு மடங்கு. கைதட்டினார்கள். என் நெறியாளர் எழுந்து நின்று தட்டினார். மூன்றாம் அத்தியாயம் பிரமாதம் ஹெலன், இதுதான் புதுசு, மற்றதெல்லாம் எல்லாரும் செய்தது என்றார். கரையில் ரோட்டை அகலப்படுத்த ரொம்ப நாளாக ஒரு கண் வைத்திருந்தவர்களுக்கு என் ஆறு மடங்கு அல்வா மாதிரிக் கிடைத்தது. நாளைக் காலை பதினோரு மணிக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம். நெறியாளருக்கும் அழைப்பு, எனக்கும் அழைப்பு. நீ எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார், மரத்தை வெட்டுவது வெட்டாதது அவர்கள் பாடு, இன்னும் ஒரு தடவை நான்காவது இடத்தை மட்டும் அளந்து வைத்துக்கொள், பேச்சில் பலம் இருக்கும் என்றார். அந்தப் பலத்துக்காகத்தான் இன்றைக்கு இந்த அரிப்பு.

வெட்டச் சொல்லி நான் எங்கே சொன்னேன். சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் ஏன் ராத்திரி சோறு இறங்கவில்லை. இலை விழுந்தால் அழுகும், அழுகினால் வாயு வரும், அது மரத்தின் குற்றமா, காற்றிலிருந்து எடுத்ததைத்தானே காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. இதையும் கூட்டத்தில் சொல்லலாம். சொன்னால் யார் கேட்பார்கள், ஆறு மடங்கு மட்டும்தான் காதில் விழும். எண்ணுக்கு அந்தக் குணம் உண்டு, சொன்னவரை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றப் போய்விடும். ப்ளுக். ஆங், வந்தது. வாளிக்குப் பக்கத்தில் ஒரு குமிழி. இந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நான்காவது இடத்தில்தான் இவ்வளவு தாராளமாக வரும், மற்ற இடத்தில் எப்போதாவது ஒன்று. கருத்தரங்கில் இதைப் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன், விளக்கை அணைக்கச் சொல்லி, செவலைக்குளம் மூச்சு விடுவதைக் கேளுங்கள் என்று. கொஞ்சம் அலட்டல்தான். ப்ளுக் ப்ளுக். இரண்டு. என்ன ஒரு ஒத்துழைப்பு. சந்தோஷப்படு ஹெலன், நாளைக்குப் பலம் ஏறுகிறது. சந்தோஷப்பட்டால் கரையிலிருந்து பதினேழாம் எண் பார்க்கிறது. அந்த மரத்தடி வளைவில்தான் என் மகள் ரோஸியின் பள்ளிக்கூட பஸ் திரும்பும். எட்டு பத்துக்கு. நான் படகில் இருக்கிற நாளில் மூன்றாவது ஜன்னலில் இருந்து கையை நீட்டி, பஸ் மரங்களைத் தாண்டுகிற வரைக்கும் ஆட்டுவாள். பத்து வயது. போன வாரம், செய்தி வந்த பிறகு, தண்ணீர் மாதிரி மட்டும் எடுக்கப் படகில் வந்திருந்தேன். பஸ் வந்தது. மூன்றாவது ஜன்னலின் ஷட்டர் இறங்கியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு மேற்குப் பக்க ஜன்னலில் என்ன வெயில். சாயங்காலம் வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"எம்மா, மரத்த வெட்டச் சொன்னது நீயா?"

"நான் சொல்லல. நான் அளந்ததச் சொன்னேன்."

"பஸ்ல எல்லாரும் உங்கம்மாதான்னு சொல்லுதாங்க. நீ சரியாத்தான் அளந்தியா?"

சரியாத்தான் அளந்தேன் என்று சத்தம் போட்டேன். தேவைக்கு மேலேயே சத்தம். அவள் போய் நாய்க்குச் சோறு வைத்தாள். சரியாத்தான் அளந்தியா. ஊசி புதுசு, குப்பி சுத்தம், ஓட்டையில் கசிவு இல்லை, வாளி அசையவில்லை, படகு அசையவில்லை. அதுவும் தை, மாசி இரண்டு மாதமும் இங்கே படகு எவ்வளவு அருமையாக நின்றது, ஐப்பசியில் எல்லாம் காற்றுக்கு ஆடி ஆடி என் உயிரை எடுத்தது. அப்படி நின்ற படகில் உட்கார்ந்து எடுத்த எண் எப்படித் தப்பாகும். இருபதாவது நிமிடம். ஊசி, குப்பி, மூடி. எங்கேயும் தப்பு இல்லை. இல்லை என்று நான்காவது தடவையாகச் சொல்கிறேன், உண்மையிலேயே இல்லாவிட்டால் ஒரு தடவை போதுமே. ப்ளுக்.

அப்போதுதான் அந்த மீன்கொத்தி வந்தது. மடைப் பக்கமிருந்து தண்ணீரை ஒட்டிப் பறந்து வந்து, என் காதோரம் நீலமாகக் கடந்து, பின்னால் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. கிக்கிக்கிக் என்று சத்தம் மட்டும் தலைக்கு மேலே கேட்கிறது. எங்கே உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி தலையிலா? மனிதர் அசையாமல் இருக்கிற இருப்புக்கு உட்கார்ந்தாலும் உட்காரும். நினைத்ததும் சிரிப்பு வந்தது, அடக்கினேன். பார்க்காமல் இருக்கமுடியவில்லை. இடுப்பை அசைக்காமல், தோளை அசைக்காமல், கழுத்தை மட்டும் கதவுக் கீல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மீன்கொத்தி அண்ணாச்சி தலையில் இல்லை. படகை ஒட்டி நட்டுக்குத்தாக நின்ற ஒரு மூங்கில் கம்பின் உச்சியில் இருந்தது. படகு தள்ளுகிற கம்பு. அதன் கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை படகில். அண்ணாச்சி கம்பைக் கட்டிப்பிடித்தபடி, கண்ணை மூடாத குறையாக உட்கார்ந்திருந்தார். சின்னதாக ஒரு காற்று வந்தது. படகு நகரப் பார்த்தது. அவர் சத்தமே இல்லாமல் கம்பை ஒரு அமுக்கு அமுக்கினார். கம்பின் காலடியில் இருந்து, வரிசையாக, அவசரமே இல்லாமல், குமிழிகள் மேலே வந்தன. ப்ளுக். ப்ளுக் ப்ளுக். கம்புக்கும் என் வாளிக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும். எனக்கு மூக்கு அரிப்பது நின்றுபோனது.

"அண்ணாச்சி."

அவர் உதட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைக் காட்டினார். சட்டம் என்றால் சட்டம்.

"பரவால்ல, பேசலாம். இந்தக் கம்ப எப்ப ஊனுனிய?"

"வந்ததும் ஊனிட்டேன் டீச்சர்."

"எதுக்கு?"

"நீங்கதான டீச்சர் சொன்னிய, படகு ஒரு இஞ்சு அசையக்கூடாதுன்னு." முகத்தில் அவ்வளவு பெருமை. "மொதல்ல கல்லக் கட்டித்தான போட்டேன். கல்லுல படகு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், நீங்க கோவமா திரும்பிப் பாப்பிய. பொறவு தை மாசம் தண்ணி வத்திச்சில்லா, இந்த எடத்துல கம்பு எட்டுச்சு. ஒரு கை ஆழம் சேத்துக்குள்ள எறக்கிட்டேன். ஆடுச்சின்னா இன்னும் ரெண்டு அமுக்கு. நீங்க ஒரு தடவகூடத் திரும்பல பாருங்க."

"தை மாசமும் இப்படித்தான் நின்னுச்சா?"

"தை, மாசி, இப்ப. மூணு மட்டமும் கம்புதான்."

"மத்த மூணு எடத்துலயும்?"

"அங்க ஆழம்லா டீச்சர். கம்பு எங்க எட்டும்? கல்லுதான்."

நான் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். வேறு எங்கே பார்ப்பது. எதிரே வாளி, அதற்கு எதிரே முப்பத்தொரு மரம். சேற்றுக்குள் சும்மா கிடந்த வாயுவைக் கம்பால் குத்திக் கிளப்பி, அதன் மேல் வாளியைக் கவிழ்த்துப் பிடித்து, ஆறு மடங்கு என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் வற்றியதும் தை மாதம், இலை உதிர்ந்ததும் தை மாதம், நான் இலையை மட்டும் பார்த்தேன். குளம் மூச்சு விடுவதைக் கேளுங்கள் என்று விளக்கை அணைத்துப் போட்டுக் காட்டினேனே, ஐயோ, அது அண்ணாச்சி கம்பு. முன்வரிசையில் துணைவேந்தர் கண்ணை மூடி ரசித்தாரே. சரி, யாருக்குத் தெரியும்? எனக்கு, அண்ணாச்சிக்கு, ஒரு மீன்கொத்திக்கு. அண்ணாச்சிக்கும் தெரிந்தது கம்பு ஊன்றியது மட்டும்தான், அதன் அர்த்தம் தெரியாது. வாயு பொய்யா? பொய் இல்லை. அந்தச் சேற்றில் இருப்பது கரையில் இருந்து வந்ததுதானே, அதில் இந்த இலையும் உண்டுதானே, என்றைக்காவது அது மேலே வரத்தானே செய்யும். மூன்றாம் அத்தியாயம். இதுதான் புதுசு என்றார். இரண்டரை வருஷம், லீவு எல்லாம் போட்டு, ரோஸியின் பிறந்தநாளைக்கூட மறுகால் பக்கம் வாளியோடு கழித்தது. எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார், அவ்வளவுதானே. எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் மரம் போகும். மரம் போனால் கரை மொட்டையாக நிற்கும், தினமும் எட்டு பத்துக்கு ஒரு பஸ் அந்த மொட்டைக் கரையில் போகும், மூன்றாவது ஜன்னல் ஷட்டர். இல்லை. வேண்டாம். சரியாத்தான் அளந்தியா என்று கேட்டாளே, பத்து வயதுப் பிள்ளை, இதைத்தானே கேட்டாள், கருத்தரங்கில் இருநூறு பேரில் ஒருத்தர் கேட்டார்களா? அதை நினைத்ததும் எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன், வந்தது சிரிப்பு. அடக்காமல் சிரித்தேன். படகு ஆடியது, வாளி ஆடியது, மீன்கொத்தி பறந்தேபோனது. அசையக்கூடாது டீச்சர் என்று அண்ணாச்சி பதறிப்போய்க் கம்பை இன்னும் நான்கு அமுக்கு அமுக்கினார். குளம் பொங்கியது.

விவரத்தைச் சொன்னபோது அவர் முகம் தொங்கிவிட்டது. நான் செஞ்ச தப்பா டீச்சர் என்றார். இல்லை அண்ணாச்சி, சொன்னதைச் சொன்னபடி செய்ததுதான் நீங்கள் செய்தது, திரும்பிப் பார்க்காமல் இருந்தது நான் என்றேன். அவர் கரையைப் பார்த்துவிட்டு, அப்ப மரத்துக்குத்தான் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டமா ரெண்டு பேரும் என்றார். ஆமாம் என்றேன். கம்பைப் பிடுங்கும்போதும் ஒரு கொத்துக் குமிழி வந்தது. துடுப்பை மட்டும் மெல்லப் போட்டுக் கரையோரமாகவே நகர்ந்தோம், ஐந்தாம் எண்ணுக்கு எதிரில் இருந்து பதினேழாம் எண்ணுக்கு எதிரே. நீளக் கயிற்றில் கல்லைக் கட்டி, வாளி வைக்கப்போகிற இடத்தைவிட்டுத் தள்ளி, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்கினார். தண்ணீர் தெளிய அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பத்து மணி பஸ்ஸைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் ஆய்வகம், சாயங்காலத்துக்குள் எண் வந்துவிடும். நல்ல எண்ணோ கெட்ட எண்ணோ, கம்பு இல்லாத எண். அது ஆறு மடங்காகவே வந்தால்? வந்தால் அதையும் சொல்ல வேண்டியதுதான், இலை எங்கிருந்து எடுத்ததை எங்கே கொடுக்கிறது என்பதையும் சேர்த்து, கேட்கிற வரைக்கும் உட்காராமல். வராவிட்டால் முதலில் கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டிலும் கம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெறியாளர் முகம் எப்படிப் போகுமோ. அதை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சொல்ல வேண்டிய ஆள் வேறு. போனை எடுத்தேன். எட்வின்தான் எடுத்தார்.

"என்ன, படகு கவுந்துட்டா?"

"படகு கவுழல. மூணாவது அத்தியாயம்தான் கவுந்துட்டு. ரோஸிட்ட குடுங்க."

தலை பின்னிக்கொண்டிருந்தாள் போல, வாயில் ரிப்பனோடு என்ன என்றாள். மரத்து மேல தப்பு இல்ல ரோஸி, அம்மா அளந்ததுதான் தப்பு என்றேன்.

"அப்ப மரம் சும்மாதான் நின்னுச்சா?"

"ஆமா. அம்மாதான் சும்மா நிக்கல."

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும். இப்ப மறுபடியும் அளக்கப் போறேன். நீ பஸ்ல வரும்போது நான் கை காட்ட முடியாது, அசஞ்சா இதுவும் போயிரும். கோவப்படாத."

"நீ அசையாத," என்றாள், ஏதோ நான் அவள் வகுப்புப் பிள்ளை மாதிரி. "நான் காட்டிக்கிடுதேன்."

ஏழு நாற்பத்தைந்துக்கு வாளியை வைத்தேன். கடிகாரம். ஊசி, குப்பி, மூடி. இந்தத் தடவை படகு ஆடுகிறது, கயிற்றின் நீளத்துக்கு மெல்ல இழுத்து மெல்ல விடுகிறது, வாளியும் படகோடு ஒன்றாக ஆடுகிறது, ஆடட்டும். ஐப்பசியிலும் இப்படித்தான் ஆடியது, அதுதான் சரியான எண்ணாக இருந்திருக்கிறது. நான் ஆட்டாமல் இருந்தால் போதும். அண்ணாச்சி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார், ஒருவேளை தானாகவே அமுக்கிவிடுமோ என்று பயம். ஒரு இலை விழுகிறது. பதினேழாம் எண்ணிலிருந்து, அவசரமில்லாமல், தண்ணீரில் உட்கார்ந்து மிதக்கிறது. வா, உனக்கும் எனக்கும் ஒரே குளம். ஒரு இலையை எவ்வளவு சுலபமாகக் குற்றவாளியாக்கிவிட்டேன். அது எங்கே போகப்போகிறது, இன்னும் ஒரு வருஷத்தில் சேறு, அடுத்த கோடையில் கரம்பை, அதற்கடுத்த தையில் யார் வீட்டுப் பொங்கலோ. பத்து. ஊசி, குப்பி, மூடி. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தூரத்தில் எங்கேயோ ஒரு ப்ளுக். வாளிப் பக்கம் இல்லை. எதிர்பார்க்கக்கூடாது ஹெலன், எதிர்பார்ப்பதும் ஒரு கம்புதான், ஊன்றினால் குமிழி வரும். இருபது. ஊசி, குப்பி, மூடி. போனால் போகட்டும், ஒரு அத்தியாயம்தானே, இன்னும் நான்கு இருக்கிறது. அது சும்மா சொல்வது, வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கிறது, ஆனாலும் ராத்திரி சோறு இறங்கும் போலிருக்கிறது. இன்றைக்குக் குழம்பு வைக்கச் சொல்ல வேண்டும், விரால் கிடைத்தால் அண்ணாச்சியிடமே வாங்கிக்கொள்ளலாம், நீளத்தை மட்டும் கையால் காட்டாமல் சொல்லச் சொல்லி.

இருபத்தைந்தாவது நிமிடம் பஸ் சத்தம் கேட்டது. முதல் மரத்தடியில் வழக்கம்போல ஒரு ஹாரன். நான் தலையைத் திருப்பவில்லை, திருப்ப வேண்டியதும் இல்லை, கரை நேர் எதிரே இருக்கிறது. மஞ்சள் பஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைத் தாண்டி வந்தது. மூன்றாவது ஜன்னலில் ஷட்டர் மேலே இருந்தது. ஒரு கை வெளியே வந்தது. பிறகு நான்காவது ஜன்னலில் ஒரு கை, இரண்டாவதில் இரண்டு, கடைசி ஜன்னலில் யாரோ ஒரு பையன் சாப்பாட்டுப் பையையே ஆட்டினான். பிள்ளை பஸ் ஏறியதும் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். நாளைப் பதினோரு மணி வரைக்கும் பொறுக்காமல், எங்கம்மா தப்பா அளந்துட்டாங்க, மரம் சும்மாதான் நின்னுச்சு என்று, பஸ் முழுக்க. இனி நான் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருக்க நினைத்தாலும் முடியாது. வாளி ஓரத்துத் தண்ணீர் சலனமே இல்லாமல் இருந்தது.

"டீச்சர், பாப்பா கை காட்டுது," என்றார் அண்ணாச்சி, உதடு அசையாமல்.

"தெரியும் அண்ணாச்சி."

"நான் வேணும்னா காட்டட்டா?"

"அசையாதிய."

பஸ் பதினேழாம் எண்ணின் வளைவில் திரும்பியது. ரோஸி தலையையும் வெளியே நீட்டி, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். பார்க்கிறேன். அவள் வயதில் எனக்கு இருந்ததைவிட நீளமான கை. முப்பத்தொன்றாவது மரத்தைத் தாண்டுகிற வரைக்கும் அது உள்ளே போகவில்லை. மறுபடியும் மூக்கு அரித்தது, கண்ணில் வந்தது கன்னத்தில் இறங்கி உதட்டுக்கு வந்து உப்புக் கரித்தது. கையில் ஊசி, அடுத்தது முப்பதாவது நிமிடம். நான் அசையவில்லை.